மலையேறிப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பாமல் இருக்க

கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி, ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் 18 குழியும் ஆடிவிட்டு, பர்லியாறு இறங்கும்வரை காருக்குள் யாரும் பேசாமல் வருவது எங்கள் கூட்டத்தில் ரொம்ப நாள் வழக்கமாகவே இருந்தது. மைதானத்தின் அழகில் ஒரு குறையும் இல்லை. நாங்கள்தான் கெடுத்துக்கொண்டோம், பாதியை முதல் பந்தை அடிப்பதற்கு முன்பே.

பெரிய தவறு டீயில்தான், அதாவது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற இடத்தில். பின்னால் இருக்கிற டீயில் நின்றால்தான் கௌரவம் என்று ஒரு நினைப்பு. டிரைவரில், அதாவது ரொம்ப தூரம் அடிக்கிற மட்டையில், 200 கஜம் தாண்டாத ஆள் அங்கே நின்றால் குழிக்குக் குழி ரெண்டாவது அடியும் முழு பலத்தோடுதான் அடிக்க வேண்டும், குனிந்த தலை நிமிராது, எதிரே மேகம் இறங்குவது கண்ணிலேயே படாது. முன் டீயை ‘லேடீஸ் டீ’ என்று நக்கல் அடிப்பதை விடுங்க. தூரம் குறைவாக அடிப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கானது அது.

அப்புறம் தூரக் கணக்கு. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் கீழே 150 கஜம் போகிற அதே அடி அங்கே பத்து கஜத்துக்கும் மேல் கூடவே போய், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைத் தாண்டி முள் புதருக்குள் விழும். கீழே செட்டிபாளையம் பக்கம் வேறு கதை: ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். “ஏனுங்க, ஏழு பத்தாதுங்க, அஞ்சு எடுங்க” என்றார் கேடி, அதாவது மட்டைப் பையைத் தூக்கி வருபவர். மட்டையின் நம்பர் குறைந்தால் தூரம் கூடும். நான் ஏழாம் நம்பர் மட்டையைத்தான் எடுத்தேன். பந்து கிரீனுக்கு முன்னால் மணலில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மணலைச் சமப்படுத்தும் ரேக்கை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

காணாமல் போன பந்தைத் தேட விதிப்படி 3 நிமிடம்தான், 2019 முதல். அதற்கு மேல் புதரைக் கிளறாதீங்க, பின்னால் நிற்பவர்களை முன்னே விடுங்க.

கிரீனில் பந்து விழுந்து குழிந்த இடத்தைச் சரிசெய்கிறேன் என்று அடியில் குச்சியை விட்டு நெம்புகிறார்கள் பாருங்க, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. நெம்பினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்து போகும். ஓரத்தில் குத்தி நடுவைப் பார்த்துத் தள்ளி, கிரீனில் பந்தை உருட்டுகிற பட்டர் மட்டையால் லேசாகத் தட்டினால் போதும்.

கடைசியாக ஒன்று. நம்ம பக்கம் இருப்பவை பெரும்பாலும் கிளப் மைதானங்கள். வெளியாட்களை எந்த நாளில் விடுவார்கள், என்ன உடுப்பு வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்க. காலர் இல்லாத பனியனோடு வந்த எங்கள் மாப்ள ஒருத்தன் நாலு மணி நேரம் கேண்டீனிலேயே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த ஒரே டீ அதுதான்.