தூக்கிப் பார்த்துச் சைக்கிள் வாங்காதீர்கள்

புதிதாகச் சைக்கிள் ஓட்ட வருபவர்களோடு வார இறுதிகளில் நானும் சேர்ந்து போவதுண்டு. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. ஆரம்பத்தில் எங்கள் செட்டே செய்து காசைத் தொலைத்த அதே தவறுகள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள், ஹெல்மெட் போடுங்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். சைக்கிளின் எடையும் ஃபிரேமின் உறுதியும் வேகத்தையும் சொகுசையும் எப்படி மாற்றுகின்றன என்பதில் நடக்கும் குளறுபடிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கையால் தூக்கிப் பார்த்து முடிவெடுப்பது

கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, மேல்குழாயைப் பிடித்து ஒரு தூக்கு. "அடேயப்பா, என்ன லேசு!" அதோடு பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. ஓட்டும்போது சைக்கிளை யாரும் தூக்குவதில்லையே! சமதரையில் அதன் எடையைச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுபவர் 68 கிலோ, சைக்கிள் 12 கிலோ, மொத்தம் 80. காசைக் கொட்டி 10 கிலோ சைக்கிளுக்கு மாறுகிறீர்கள். கைக்கு ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. காலுக்குக் குறைந்தது 80இல் 2, அதாவது நூற்றுக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் ஏற்றத்தில்தான் உருப்படியாகக் கிடைக்கும். 2 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய 2,000 ஜூல் செலவாகும். 150 வாட் சக்தியில் மிதிப்பவருக்கு அது 13 வினாடி. சமதரையில் 25 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த 2 கிலோவுக்காக டயர் கூடுதலாகக் கேட்பது ஒரு வாட் கூட இல்லை.

வேகத்தைத் தின்பது காற்று. 30 கி.மீ. வேகத்தில் நீங்கள் மிதிப்பதில் முக்கால் பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடும். 20இலிருந்து 25க்கு ஏறினால் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்துவதும், படபடவென்று அடித்துக்கொள்ளும் தொளதொளச் சட்டையை மாற்றுவதும் 2 கிலோ குறைப்பதைவிட அதிகம் தரும். பந்தயக்காரர்களுக்கே உலக சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோ என்று கீழ்வரம்பு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போய்விட்ட சைக்கிளில் எடைக்கட்டி ஒட்டி ஓட்டியவர்களும் உண்டு.

எங்களோடு வந்த ஒருவர், நல்ல கனமான உடம்பு, உறுதியான சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு லேசான ஒன்றை வாங்கி வந்தார். எதனால் லேசு என்று குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கு 20 கம்பி, 23 மி.மீ. டயர், கேரியர் மாட்டத் துளையே இல்லாத ஃபிரேம். போதாக்குறைக்கு அவர் உயரத்துக்கு ஒரு அளவு சின்னது. கடையில் அந்த அளவுதான் தள்ளுபடியில் இருந்ததாம். ஹேண்டில்பார் மிகவும் தாழ்ந்திருந்ததால் கழுத்து வலித்து, பாதி வழிக்கு மேல் நிமிர்ந்தே ஓட்டினார். எதிர்காற்று வந்ததும் பழைய சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனவர் கடைசி ஆளானார். பிறகு ஒரு பள்ளத்தில் பின்சக்கரக் கம்பி ஒன்று தெறித்தது. 36 கம்பிச் சக்கரமாக இருந்தால் கொஞ்சம் கோணினாலும் மெதுவாக ஓட்டியே வீடு வந்திருக்கலாம். 20 கம்பியில் ஒன்று போனால் ரிம் வளைந்து பிரேக்கில் உரசும். உரசியது. வேறு வண்டி பிடித்துத்தான் திரும்பினார்.

எடை குறைவதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. தினமும் மாடிக்குத் தூக்கிப் போகிறவருக்கு 2 கிலோ பெரிய விஷயம். மலைப்பாதையே கதி என்பவருக்கும் அப்படித்தான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிறவருக்கு ரிம்மிலும் டயரிலும் குறையும் எடை நன்றாகவே தெரியும். வேகம் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில் விளிம்பில் இருக்கும் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்காகும். ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் அந்தச் சலுகையும் கிடையாது. லேசான சைக்கிளைப் பார்த்தால் எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கம்பியிலா, டயரிலா, ஃபிரேம் குழாயின் கனத்திலா? விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள்.

குலுக்கலுக்கு ஃபிரேமைத் திட்டுவது

"அலுமினியம் குலுக்கும், இரும்பு மெத்தென்று போகும்." இதை அடித்துச் சொல்பவர்களின் டயரை அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம், எந்த உலோகமானாலும், மேலும் கீழுமாக வளைவது மிகச் சொற்பம். டயர் அமுங்குவதோ பல மில்லிமீட்டர். சீட்டும் சீட் கம்பமும் அதற்கடுத்து. சொகுசு வேண்டுமென்றால் முதலில் டயரில் கை வையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் உச்ச வரம்பு, அவ்வளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 28 மி.மீ. டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, 70 பிஎஸ்ஐ சுற்றுவட்டத்தில் தொடங்குங்கள். முன்சக்கரத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், பெரும்பாரம் பின்னால்தான் விழுகிறது. மேடு பள்ளத்தில் இறுக்கமான டயர் குதிக்கிறது. அந்தக் குதிப்பில் போவது நீங்கள் மிதித்த சக்திதான். பந்தயக்காரர்களே 23இலிருந்து 25க்கும் அங்கிருந்து 28க்கும் போனது சும்மா இல்லை. ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து: பள்ளத்தில் ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

விலை மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் அதிர்ச்சி தாங்க ஸ்பிரிங் வைத்ததுதான் இது. தார் ரோட்டுக்கு வேண்டாம். 2 கிலோவுக்கு மேல் கனம். எழுந்து நின்று மிதித்தால் பாதி உழைப்பு ஸ்பிரிங்கை ஆட்டுவதற்கே போவது போலிருக்கும்.

தடித்த குழாயைப் பார்த்து மயங்குவது

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும், அதாவது வளையாமல் நிற்கும் தன்மையும், மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் அந்தக் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். குழாய் பருக்கப் பருக்க விறைப்பு மளமளவென்று ஏறும். ஒல்லியாக இருக்கும் இரும்பு ஃபிரேம் நோஞ்சான் அல்ல. சொல்லப்போனால், அளவுக்குள் இருக்கும் அழுத்தத்தை இரும்பு எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியொரு பாதுகாப்பான எல்லை கிடையாது. பழைய அலுமினிய ஃபிரேம் வாங்கினால் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

லேசான ஃபிரேமில் மூட்டை ஏற்றுவது

உறுதி உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. வெறும் ஆளோடு அழகாக ஓடும் ஃபிரேம், பின்னால் 15 கிலோ பை தொங்கினால் முறுக்கிக்கொள்ளும். இறக்கத்தில் வேகம் பிடித்ததும் ஹேண்டில்பார் தானாக உதற ஆரம்பிக்கும். முதல் தடவை வந்தால் உயிரே போய்விடும் போலிருக்கும். இறுக்கிப் பிடிக்காதீர்கள், பதறி பிரேக்கைக் கவ்வாதீர்கள். ஒரு முழங்காலை மேல்குழாயோடு அழுத்தி, சீட்டிலிருந்து எடையைச் சற்றுத் தூக்கி, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். மூட்டையோடு ஊர் சுற்றப் போகிறவர்கள் கூடுதலாக ஒரு கிலோ இருந்தாலும் விறைப்பான ஃபிரேமையே எடுங்கள்.

அளவு தப்பிய ஃபிரேம்

இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கார்பனைக் கைக்கணக்கில் முறுக்குவது

கார்பன் ஹேண்டில்பாரையோ சீட் கம்பத்தையோ பிடிக்கும் கவ்வியில் 5 நியூட்டன் மீட்டர் என்று முறுக்கு அளவு போட்டிருந்தால் 5தான். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் அந்தத் திருகைத் தொடாதீர்கள்.