வேன் கூரையில் பெய்த மழை

பழைய ஆம்னி வேனில் பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டிருக்கிறேன். போன ஐப்பசியில் பறவை பார்க்கக் கோடியக்கரை போனேன். ராத்திரி தூறல், ஜன்னலைத் திறந்தால் கொசு. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு படுத்தேன். விடியற்காலையில் நெற்றியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கூரை ஒழுகுகிறது என்று தடவிப் பார்த்தால், தகடு முழுக்க வேர்த்திருந்தது. அத்தனையும் என் மூச்சுக்காற்றின் ஈரம்!

திருவாரூர் திரும்பியதும் கூரையின் பின்பக்கம் துளை போட்டு, 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனைக் காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினேன். சுற்றி சிலிக்கோன் பசை, மேலே மழைக்கு மூடி. ஃபேன் ஓடியது, புழுக்கம் போகவில்லை. பட்டறை அண்ணன் ஊதுபத்தி கொளுத்திக் காட்டினார். புகை நின்ற இடத்திலேயே சுற்றியது. “உள்ள வர வழி விடாம வெளிய போன்னா, காத்து எங்கேந்து தம்பி வரும்?”

முன்கதவு ஜன்னலை நாலு விரற்கடை இறக்கினேன். சின்ன இடுக்கில் கொசுவலை ஒட்டினால் காற்று திணறுகிறது. அதனால் ஜன்னல் அளவுக்கே சட்டம் செய்து வலை அடித்தேன், மேலே மழைத் தடுப்பு. இப்போது புகை மூலைக்கு மூலை நீளமாக இழுத்துக்கொண்டு போகிறது. ஃபேனுக்கு 0.2 ஆம்பியர்தான்; எட்டு மணி நேரம் ஓடினாலும் 2 ஆம்பியர்-மணிகூட ஆகாது. ஆனாலும் வண்டி பேட்டரியைத் தொடாமல் தனி பேட்டரி வைத்திருக்கிறேன்.

உள்ளே டீ போடுவதையும் விட்டுவிட்டேன், கேஸ் எரிந்தாலே ஈரம்தான். கார்த்திகை அடைமழையில் வெளிக்காற்றே நனைந்திருக்கும். அன்றைக்குக் கூரையைத் துடைக்க ஒரு பழைய வேட்டி.