வகுப்பில் வீடியோ போட்டுப் பாடம் நடத்துவது எப்படி?

பத்து நிமிட வீடியோவை முழுதாக ஓடவிட்டு, முடிந்ததும் "என்ன புரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருந்துச்சு" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். ஒரு நிமிடத் துண்டு போதும், அதைச் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தால்.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் நின்றபடி ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒரே நேரத்தில் கீழே விட்ட காட்சி. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

1. தேடுவதற்கு முன் கேள்வியை எழுதுங்கள். "காற்றே இல்லாவிட்டால் எது முதலில் விழும்?" இவ்வளவு போதும். கேள்வி இல்லாமல் தேட உட்கார்ந்தால் அழகான வீடியோ கிடைக்கும், பாடத்தில் அதற்கு இடம் இருக்காது.

2. தனியாக, கடைசிவரை பாருங்கள். தலைப்பை நம்ப வேண்டாம்.

3. துண்டைக் குறியுங்கள். கணினியில் யூடியூபின் 'பகிர்' பொத்தானை அழுத்தினால், எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கும். அதைக் குறித்து இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

4. நிறுத்தும் இடம். இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். ஸ்காட் இரண்டு கைகளையும் நீட்டி நிற்கும்போது நிறுத்துங்கள். முதல் முறை ஒலி வேண்டாம். இரண்டும் ஒன்றாக விழும் என்று எதிர்பார்ப்பதாகக் கீழே விடும் முன்பே அவர் சொல்லிவிடுகிறார்! ஒவ்வொருவரும் தம் பதிலையும் காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். வாயால் சொல்லச் சொன்னால் முதலில் பேசியவர் பின்னால் எல்லோரும் போய்விடுவார்கள். அப்புறம் ஓடவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடும்.

5. மறுபடி, மெதுவாக. விசைப்பலகையில் 'கே' அழுத்தினால் நிற்கும், 'ஜே' அழுத்தினால் பத்து நொடி பின்னால் போகும். நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேம்) நகரும். மேல்வகுப்பு என்றால் விழும் நேரத்தை அளக்கச் சொல்லலாம். சுமார் 1.6 மீட்டர் உயரம், ஏறத்தாழ 1.4 நொடி, நிலவின் ஈர்ப்பு முடுக்கத்தை மாணவர்களே கணக்கிட்டுவிடுவார்கள்.

6. இணையம் கைவிட்டால்? ஒரு புத்தகமும் அதைவிடச் சிறிய ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் போட்டால் தாள் மிதந்து வரும். தாளைப் புத்தகத்தின் மேலேயே படியவைத்துப் போட்டால் இரண்டும் ஒன்றாக விழும். வீடியோ ஓடினாலும் இதைச் செய்து காட்டுங்கள். காற்று என்ன செய்கிறது என்ற பேச்சு வகுப்பில் தானாகக் கிளம்பும்.