பிளாட்டினம் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள், ஜிம்பாப்வேயில் துளையிட்டு எடுத்துப் பெட்டிகளில் அடுக்கிய பாறைத் தண்டுகளின் படங்களில், பரிசோதனைக்கு மாதிரி வெட்டி எடுக்க வேண்டிய இடங்களைப் போன வாரம் குறித்துக் கொடுத்தார்கள். பார்த்ததும் வயிறு கலங்கியது. ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறு. பெட்டி எண் மாறுவது, பை கிழிவது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரவுப் கண்ணோடு பார்ப்பது

நமக்குத் தங்கம் என்றாலே பகாங்கின் ரவுப் சுரங்கம்தான்: வெந்நீர்க் கரைசல் வெடிப்புகளில் ஏறி, குவார்ட்ஸ் நரம்பாக உறைந்தது. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு வேறு. சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு நிலத்தடியில் மெல்ல ஆறி, கனிமங்கள் அடுக்கடுக்காகப் படிந்த இடம் அது. 1924-இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி கண்டறிந்த பிளாட்டினம் அடுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. கனமோ பல இடங்களில் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆகவே இங்கே தேட வேண்டியது நரம்பை அல்ல, அடுக்கை.

மினுமினுப்பு தெரியும் இடத்தை மட்டும் வெட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. புஷ்வெல்டு போலவே அடுக்கடுக்காக உறைந்த ஜிம்பாப்வேயின் கிரேட் டைக்கில், மஞ்சள் சல்ஃபைடு (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கண்ணில் பட்ட இடத்தில் மட்டும் கோடு போட்டேன். அடியில் இருந்த பாறை வெறும் பைராக்சீன், உலோகமில்லாத சாதாரணக் கனிமம் என்று விட்டுவிட்டேன். செம்பும் நிக்கலும் நன்றாக வந்தன. பிளாட்டினம் மட்டும் கடைசி மாதிரியில், நான் நிறுத்திய விளிம்பில்தான் ஏறத் தொடங்கியிருந்தது! திரும்பிப் போனபோது மிச்சப் பெட்டிகளைக் கொட்டிவிட்டார்கள். மறுபடி துளையிட வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. குழம்பில் கந்தகம் மிஞ்சும்போது, எண்ணெய் போல் சல்ஃபைடுச் சொட்டுகள் பிரிகின்றன. பிளாட்டினமும் அதன் இன உலோகமான பல்லேடியமும் குழம்பில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவாக அவற்றில் சேரும். முதலில் பிரிந்த கொஞ்சம் சொட்டுகளே ஏறக்குறைய எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அடியில் தங்கிவிடுகின்றன. அப்புறம் சல்ஃபைடு ஏராளமாக வரும்போது செம்பும் நிக்கலும்தான் மிச்சம். அதனால் பல்லேடியத்தின் உச்சம் அடியில், அதற்குச் சற்று மேலே பிளாட்டினம், அதற்கும் மேலேதான் நம்மை இழுக்கும் மினுமினுப்பு. சல்ஃபைடு முடிந்த பிறகும் கீழே மூன்று மீட்டராவது வெட்டுங்கள்.

ஒரு மீட்டர் மாதிரி

வேண்டாம். 20 சென்டிமீட்டர். மெல்லிய உச்சம் நீளமான மாதிரியில் கரைந்து போகும்.

குரோமைட்டில் சல்ஃபைடு இல்லையே என்று விடுவது

புஷ்வெல்டில் யூஜி2 என்று அழைக்கப்படும் குரோமைட் (குரோமியத் தாது) அடுக்கில் சல்ஃபைடு அரிது. பிளாட்டினம் உண்டு. வெட்டுங்கள்.

பிள்ளைகள் குறித்த அந்தத் துளையின் பெட்டிகள் நல்லவேளையாக இன்னும் கிடங்கில் இருக்கின்றன. ஒன்றையும் கொட்ட வேண்டாம் என்று நேற்றே சொல்லி அனுப்பிவிட்டேன்.