ஆட்கள் நிலைத்து நிற்கும் அலுவலகம்: எந்த வரிசையில் தொடங்குவது?

அலுவலகச் சூழலை மாற்ற வேண்டும் என்றதும் பலர் முதலில் கை வைப்பது சுவர் வண்ணத்திலும் விளையாட்டு மேசையிலும்தான். அவற்றுக்காக யாரும் ஓர் இடத்தில் தங்குவதில்லை. சம்பளம், விதிமுறைகள், மேலாளரின் நடத்தை, உட்காரும் இடம் ஆகியவை சரியில்லாவிட்டால் அதிருப்தி வளரும். சரிசெய்தால் அதிருப்தி போகுமே தவிர ஈடுபாடு தானாக வந்துவிடாது, அதற்குப் பொறுப்பும் அங்கீகாரமும் வளர்ச்சியும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் எழுதினார். அந்தக் கோட்பாட்டுக்கு மறுப்புகளும் உண்டு. ஆனாலும் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க அது உதவும்: உறுத்துவதை முதலில் நீக்குங்கள், புதியதைப் பிறகு சேருங்கள்.

படி 1: யார், எப்போது போகிறார்கள்?

ஓர் ஆண்டில் விலகியவர்களின் எண்ணிக்கையைச் சராசரிப் பணியாளர் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். தொடக்கத்தில் 40 பேர், முடிவில் 44 பேர் என்றால் சராசரி 42. விலகியவர்கள் 6 பேர் என்றால் விலகல் விகிதம் சுமார் 14.3 சதவீதம்.

இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எக்செல் தாளில் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, குழு, மேலாளர் என்று நான்கு விவரங்களை எழுதுங்கள். 90 நாளுக்குள் பலர் போயிருந்தால் ஆள் எடுத்த விதத்திலோ முதல் வாரங்களிலோ கோளாறு இருக்கலாம். சம்பள உயர்வு அறிவித்த கையோடு போயிருந்தால் மதிப்பீட்டு முறையைப் பாருங்கள். ஒரே மேலாளரின் கீழ் மூவர் நால்வர் என்றால் நேராகப் படி 4-க்குப் போங்கள்.

படி 2: இருப்பவர்களிடம் கேளுங்கள்

ராஜினாமா கடிதம் வந்த பிறகு கேட்பதால் விலகுபவருக்குப் பயனில்லை. இப்போது வேலையில் இருப்பவர்களைத் தனித்தனியாக 30 நிமிடம் சந்தியுங்கள். மூன்று கேள்விகள் போதும்:

- கடந்த மாதம் உங்கள் வேலையைத் தேவையில்லாமல் தாமதப்படுத்தியது எது?
- வேறு வேலை தேடலாமா என்று கடைசியாக எப்போது தோன்றியது?
- உங்களிடம் உள்ள எந்தத் திறமையை இங்கே பயன்படுத்த முடியவில்லை?

நேரடி மேலாளர்மேல் பயம் இருக்கும் இடத்தில் வேறு ஒருவர் கேட்கட்டும். பெயரில்லாத கணக்கெடுப்பு நடத்தினால், 5 பேருக்குக் குறைவான குழுவின் பதில்களைத் தனியாகக் காட்டாதீர்கள். மூன்று பேரில் யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த முறை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது கேட்காமலே இருப்பதைவிட மோசம். இரண்டு வாரத்துக்குள் மூன்று பட்டியல் வெளியிடுங்கள்: செய்துவிட்டவை, இந்தத் தேதிக்குள் செய்யப்போகிறவை, செய்ய முடியாதவை. மூன்றாவது பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதுங்கள். "முடியாது, ஏனென்றால்" என்ற நேர்மையான பதிலை மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள். மௌனத்தை மறக்க மாட்டார்கள்.

படி 3: அறையைச் சரிசெய்யுங்கள்

படிப்பதும் எழுதுவதுமான வேலைக்கு மேசை மட்டத்தில் சுமார் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். போன் செயலியில் தோராயமாக அளந்துவிடலாம். கணினித் திரை ஜன்னலுக்கு எதிராகவோ முதுகு காட்டியோ இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். நாள் முழுக்க லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு ஸ்டாண்டும் தனி விசைப்பலகையும் வாங்கிக் கொடுங்கள். கழுத்து வலிப் புகார் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

காற்றைப் பலர் கவனிப்பதே இல்லை. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. மூடிய கூட்ட அறையில் எட்டுப் பேர் அமர்ந்தால் கரியமில வாயு 1000 பி.பி.எம்-ஐ (காற்றின் பத்து லட்சம் பங்கில் 1000 பங்கை) எளிதில் தாண்டும். வெளியே அது 420-ஐ ஒட்டித்தான் இருக்கும். அறை இறுக்கமாகி, தூக்கம் கண்ணைச் சொக்கும். சிறிய அளவுமானி ஒன்றை வைத்து, 1000 தாண்டினால் கதவையோ ஜன்னலையோ திறப்பது என்று வழக்கமாக்குங்கள்.

ஏசி வெப்பநிலைக்காக நடக்கும் சண்டை பல இடங்களில் உண்மையில் காற்றுவீச்சுக்கான சண்டை. குளிர்கிறது என்பவரின் தலைக்கு நேரே காற்று இறங்குகிறதா என்று பாருங்கள். ஏசியில் காற்றின் திசையை மாற்றும் இதழைத் திருப்பினாலோ மேசையை ஓரடி நகர்த்தினாலோ தீர்ந்துவிடலாம்.

சத்தத்தில் மிகவும் தொந்தரவு தருவது சொற்கள் புரியும்படி காதில் விழும் பேச்சு. அதனால் போன் பேசுவதற்கென்று கதவுள்ள சிறிய அறை ஒன்றை ஒதுக்குங்கள்.

படி 4: மேலாளரின் வாராந்திரச் சந்திப்பு

அதிக நேரத்தைச் செலவிட வேண்டிய படி இதுதான். ஒவ்வொருவரோடும் வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரு வாரத்துக்கு ஒருமுறை, 30 நிமிடம் தனியாகப் பேச வேண்டும். முதல் பத்து நிமிடம் ஊழியர் பேசுவதற்கு. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கும் கூட்டமாக இது மாறிவிடக் கூடாது. அதற்கு மின்னஞ்சல் போதும். ஒப்புக்கொண்டதைக் குறித்துவைத்து, அடுத்த சந்திப்பை அதிலிருந்தே தொடங்குங்கள்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: வேலை நெருக்கடி வந்ததும் ரத்தாகும் முதல் கூட்டம் இதுவாகிவிடும். தள்ளிவைக்க நேர்ந்தால் அதே வாரத்தில் வேறு நேரம் கொடுங்கள்.

தவறு நடந்ததாக ஒருவர் வந்து சொல்லும்போது மேலாளர் சொல்லும் முதல் வாக்கியம் மிக முக்கியம். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் கூடுதல் பிழைகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்ததை வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். எனவே "உடனே சொன்னது நல்லது, இப்போது எது பாதிக்கப்பட்டிருக்கிறது?" என்று தொடங்குங்கள். யார், ஏன் என்பதை நிலைமை அடங்கிய பிறகு, தனியறையில் பேசலாம். பாராட்டையும் குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்ல வேலை" என்பதைவிட "வாடிக்கையாளர் கேட்கும் முன்பே கணக்கில் இருந்த பிழையைப் பிடித்தீர்கள்" என்பது மனதில் நிற்கும்.

படி 5: விடுப்பும் வேலை நேரமும்

விதியை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள். இரவில் அனுப்பும் செய்திக்குக் காலையில் பதில் போதும் என்றால் மேலாளரும் இரவில் அனுப்பாமல் இருக்கட்டும். மேலதிகாரி விடுப்பே எடுக்காத குழுவில் மற்றவர்களும் எடுக்கத் தயங்குவார்கள்.

படி 6: புதியவரை வரவழைப்பது

வேலை அறிவிப்பில் சம்பள வரம்பு, வேலை நேரம், முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள். வேலையின் கடினமான பகுதியையும் சொல்லிவிடுங்கள். விண்ணப்பங்கள் குறையலாம், ஆனால் தெரிந்தே வந்தவர் முதல் மாதத்தில் ஏமாந்து போக மாட்டார்.

சேரும் நாளுக்கு முன்பே லேப்டாப், லாகின், இருக்கை, சந்தேகம் கேட்க ஒரு சக ஊழியர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் முழுக்க லாகினுக்காகக் காத்திருப்பவர், தன்னை இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை என்றே நினைப்பார்.

படி 7: 90 நாள் கழித்துப் பாருங்கள்

சிறிய அலுவலகத்தில் விலகல் விகிதம் இவ்வளவு சீக்கிரம் எதையும் காட்டாது. ஒருவர் போனாலே எண் தாவும். அதற்குப் பதிலாக ரத்தான தனிச் சந்திப்புகள் எத்தனை, படி 2-இல் வெளியிட்ட பட்டியலில் தேதி தாண்டியும் முடியாதவை எத்தனை, தெரிந்தவரை இங்கே சேரச் சொல்லிப் பரிந்துரைத்த ஊழியர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். முதல் இரண்டும் குறையாத குழுவில், அந்த மேலாளரின் சொந்த வேலைப்பளுவிலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.