ஒரே எல்பி, இரண்டு பெயர்
லிவர்பூல் இசைக்குழுவான சர்ச்சர்ஸின் 1981 எல்பியை (இசைத்தட்டு ஆல்பத்தை) தேடும்போது ‘ப்ளே ஃபார் டுடே’, ‘லவ்ஸ் மெலடீஸ்’ என்று இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் முதல் பெயர், அமெரிக்காவில் இரண்டாவது. வேறு வேறு ஆல்பம் என்று நினைத்து இரண்டுக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள். பாட்டுப் பட்டியலை ஒப்பிட்டால் போதும். முதல் பெயரில் பிபிசி நாடகத் தொடர் ஒன்றும் உண்டு. வெறும் தலைப்பை மட்டும் அடித்தால் அதுதான் முந்திக்கொண்டு வந்து நிற்கும். எல்பியை வெளியிட்ட ‘சைர்’ என்ற லேபிளின் (இசை நிறுவனத்தின்) பெயரையும் சேர்த்தால் தொல்லை குறையும்.

அறுபதுகளில் ‘பை’ (Pye) என்ற லேபிளில் வந்த இவர்களின் ரெக்கார்டுகளைத் தேட ‘சைர்’ பெயர் உதவாது. அட்டை முக்கியமில்லை, பாட்டு போதும் என்றால் எல்பியே வேண்டாம்: இந்த 1981 ஆல்பமும் இவர்களின் 1979 ஆல்பமும் 2017-ல் சேர்ந்து சிடியாகவே வந்துவிட்டன.