நன்னாரி எலுமிச்சை சர்பத்: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயிலில் மதுரை, திருநெல்வேலித் தெருக்களில் தள்ளுவண்டிகளில் கிடைக்கும் நன்னாரி சர்பத்துக்கு நிகரான கோடைப் பானம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. வேர், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர் என்று நான்கே பொருள்கள்தான். ஆனாலும் அதை வீட்டில் செய்து பார்ப்பவர்களில் பலர், இனிப்பும் புளிப்பும் வந்துவிட்டன, நன்னாரியின் மணம் மட்டும் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். குறை பெரும்பாலும் செய்முறையில்தான் இருக்கிறது. நன்னாரியின் மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்ற சேர்மம். வனிலாவுக்கு மணம் தரும் வனிலினில் இருக்கும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில், இடம் மாறி அமைந்ததுதான் இது. நீரில் இது மெதுவாகவே கரையும்; ஆனால் கொதிக்கும் நீரின் ஆவியோடு மிக எளிதாக வெளியேறிவிடும். இந்த இரண்டு இயல்புகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் தவறுகளில் பாதியை யாரும் சொல்லாமலே தவிர்த்துவிடலாம்.

முதல் தவறு வேர் வாங்கும் இடத்திலேயே நடக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும் வேரை முகர்ந்து பார்க்காமல் வாங்கி வந்துவிடுகிறோம். நல்ல நன்னாரி வேர் பென்சில் பருமனோ அதைவிடச் சற்று மெலிந்தோ இருக்கும். கரும்பழுப்பான மேல்தோலில் நீளவாக்கில் வரிகளும் குறுக்கே வெடிப்புகளும் தெரியும். ஒரு துண்டை ஒடித்தால் தோல் தனியாகவும், நடுவில் வெளிர்மஞ்சள் நிறமான கட்டை போன்ற நரம்பு தனியாகவும் பிரியும். ஒடித்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனால் மணம் உடனே தெரிய வேண்டும். தேடித் தேடி முகர வேண்டியிருந்தால் அந்த வேர் வெகுநாள் கிடந்து மணத்தை இழந்தது. அதை இரண்டு மடங்கு போட்டாலும் பயன் இருக்காது. அதே மணமுடைய மாகாளிக் கிழங்கையும் சிலர் சர்பத்துக்குப் பயன்படுத்துவார்கள். அது தவறில்லை. எனினும் அந்தக் கொடி காடுகளில் அளவுக்கு மீறித் தோண்டப்பட்டு அருகி வருவதால், சர்பத்துக்கு நன்னாரி வேரையே வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

மணம் வேரின் தோலில்தான் மிகுதியாக இருக்கிறது. நடு நரம்பில் அதிகம் இல்லை. சித்த மருந்து செய்பவர்கள் நரம்பை நீக்கிவிட்டுத்தான் நன்னாரியை எடுத்துக்கொள்வார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டும். முழு வேரை அப்படியே தண்ணீரில் போடுவது ஒரு தவறு என்றால், மிக்சியில் மாவாக அரைத்துப் போடுவது இன்னொரு தவறு. முழு வேரிலிருந்து மணம் இறங்காது; அரைத்த மாவு வடிகட்டியில் நிற்காமல் பாகில் கலங்கி, அடியில் மண்டியாகத் தங்கி, துவர்ப்பையும் சேர்த்துவிடும். உரலிலோ அம்மியிலோ வைத்து ஒன்றிரண்டாக நசுக்கினால் தோல் தானாகவே நரம்பைவிட்டுக் கழன்று வரும். நசுக்குவதற்கு முன்பே வேரைக் கழுவிவிட வேண்டும். வெடிப்புகளுக்குள் மண் ஒட்டியிருக்கும் என்பதால், ஓடும் தண்ணீரில் தேய்த்து இரண்டு மூன்று முறை அலச வேண்டும். நசுக்கிய பிறகு கழுவினால் மண்ணோடு மணமும் போய்விடும்.

அடுத்து வருவது கொதிக்க வைப்பது. மிகப் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் வேரைப் போட்டுத் திறந்த பாத்திரத்தில் பாதியாக வற்றும்வரை காய்ச்ச வேண்டும் என்ற செய்முறை பல இடங்களில் சொல்லப்படுகிறது. கஷாயத்துக்குப் பழகிய கை அப்படித்தான் செய்யும். ஆனால் நன்னாரியின் மணச் சேர்மம் நீராவியோடு போகும் இயல்புடையது. அதை வேரிலிருந்து பிரித்தெடுக்க விரும்புபவர்களும் நீராவியைச் செலுத்தி, ஆவியைக் குளிரவைத்துத்தான் எடுக்கிறார்கள். திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதித்தால் வீடு முழுக்க மணக்கும். அவ்வளவும் பாத்திரத்திலிருந்து வெளியேறிய மணம். அடியில் எஞ்சுவது பழுப்பு நிறமும் துவர்ப்பும்தான்.

சரியான வழி, காய்ச்சாமல் ஊறவைப்பது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, கொதி அடங்கியதும் நசுக்கிய வேரைப் போட்டு, இறுக்கமான மூடியால் மூடி, இரவு முழுதும் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தச் சேர்மம் நீரில் மெதுவாகக் கரைவதால் எட்டு மணி நேரமாவது தேவை. பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுவது வேரை வீணாக்கும் வேலை. அதே நேரத்தில், அதிகம் ஊறினால் அதிகம் மணக்கும் என்று இரண்டு நாள் விடவும் கூடாது. கோடையின் வெப்பத்தில் வேர் ஊறிய தண்ணீர் ஒரு நாளைத் தாண்டினாலே புளிக்கத் தொடங்கும். 50 கிராம் வேருக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். காலையில் மெல்லிய துணியில் வடிகட்டினால் 400 மில்லிலிட்டர் அளவுக்கு ஊறல் நீர் கிடைக்கும்.

சர்க்கரை அளவில் நடக்கும் தவறு சுவையை மட்டும் கெடுப்பதில்லை. இனிப்பைக் குறைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஊறல் நீரும் சர்க்கரையும் சம எடையாகப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பாகில் சர்க்கரை 50 விழுக்காடுதான் இருக்கும். எடையில் ஏறக்குறைய 65 விழுக்காடு சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் வளரத் தேவையான நீர் கிடைக்காமல் பாகு வெளியிலேயே கெடாமல் நிற்கும். அதற்குக் குறைந்த பாகு, கோடையில் வெளியே இருந்தால் சில நாள்களில் நுரைக்கத் தொடங்கும். புட்டியைத் திறக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வரும். மணத்தில் ஒரு காட்டம் ஏறும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குவதன் அடையாளம் அது. குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்று மதுவின்றிச் செய்த பானம், கவனக்குறைவால் தானாகவே மதுவாக மாறத் தொடங்கிவிடும். அப்படி நுரைத்த பாகை மீண்டும் கொதிக்கவைத்துக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிடுவதே சரி. இனிப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் குவளையில் பாகின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். பாகைச் செய்யும்போது சர்க்கரையைக் குறைக்கக் கூடாது. குறைத்தே செய்தாக வேண்டும் என்றால், குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கணக்கு எளியது: 400 மில்லிலிட்டர் ஊறல் நீருக்கு 750 கிராம் சர்க்கரை. முழுச் சர்க்கரையையும் தொடக்கத்திலேயே போட்டுவிடுவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பாகைச் சுண்டவைக்க வேண்டிய தேவை இல்லை. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் மூடிவிட்டு அடுப்பை அணைத்துவிடலாம். மணம் ஆவியாகப் போவதற்கு நேரமே கிடைக்காது. இந்தப் பாகை ஆறியபின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தொட்டுப் பிரித்தால் பிசுபிசுப்பு தெரியும், கம்பி இழுக்காது. அந்தப் பிசுக்குப் பதம்தான் வேண்டும். கம்பிப் பதம் வரும்வரை விட்டால் ஆறியபின் புட்டியின் அடியில் சர்க்கரை மணல்போல் உறைந்துவிடும்; குளிரில் வைத்தால் இன்னும் விரைவாக உறையும். அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைப் பாகு கொதிக்கும்போது சேர்த்தால் இந்த உறைதல் வெகுவாகக் குறையும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ கருப்பட்டியோ போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் கிடைப்பது நன்னாரி சர்பத்தாக இருக்காது. கருப்பட்டிக்கென்று ஓர் அழுத்தமான மணமும் சுவையும் உண்டு. அது பானகத்தில் சுக்கோடும் ஏலக்காயோடும் அழகாகப் பொருந்தும், நன்னாரியை மூடிவிடும். பனங்கற்கண்டு ஓரளவுக்குப் பொருந்துகிறது. இதேபோல் நிறத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். வீட்டுப் பாகு தெளிந்த தேன் நிறத்தில்தான் இருக்கும். கடைப் புட்டிகளில் காணும் கருஞ்சிவப்பு, பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையாலோ சேர்க்கப்பட்ட நிறமியாலோ வருவது. அந்த நிறத்தை எட்டுவதற்காக வேரை மணிக்கணக்கில் காய்ச்சுவது மணத்தைக் கொடுத்து நிறத்தை வாங்கும் வியாபாரம்.

பாகை ஊற்றும் புட்டி கண்ணாடியாக, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் இருக்க வேண்டும். சூடான பாகை அரைப் புட்டி ஊற்றி மூடினால், மூடியின் உள்ளே ஆவி நீர்த்துளியாகப் படிந்து பாகின் மேல்மட்டத்தில் சொட்டும்; அந்த மேல்மட்டம் மட்டும் நீர்த்துப்போய் அங்கேதான் பூஞ்சை முதலில் பிடிக்கும். முழுமையாக ஆறவிட்டு ஊற்றுங்கள்.

இனி எலுமிச்சை. பாகில் கவனமாக இருந்தவர்களும் பிழியும்போது தவறிவிடுகிறார்கள். கோடையில் பழத்தின் விலை ஏறிவிடும். வாங்கிய பழத்தைக் கடைசிச் சொட்டு வரை விடக்கூடாது என்று கைப்பிழிவானில் வைத்து, தோலும் விதையும் நசுங்கும்வரை அழுத்துகிறோம். பிழிந்தவுடன் சுவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழத்தின் சவ்விலும் விதையிலும் கசப்பில்லாத வடிவில் இருக்கும் ஒரு சேர்மம், சாற்றின் அமிலத்தோடு கலந்தபின் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. அதனால்தான் காலையில் பிழிந்து வைத்த சாறு மதியம் கசக்கிறது. விருந்தினர் வருவதற்கு முன்பே சர்பத்தை ஜாடி நிறையக் கலந்து வைப்பவர்களுக்கு இந்தக் கசப்பு புதிராகவே இருக்கும். சர்க்கரையைக் கூட்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள், சரியாகாது.

தோல் மெல்லியதாகவும் கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கும் பழத்தைத் தேர்ந்தெடுங்கள். புளியங்குடிப் பக்கத்துப் பழமோ வேறு ஊர்ப் பழமோ, இந்த இரண்டு அடையாளங்களும் போதும். குளிரிலிருந்து எடுத்த பழத்தை உடனே நறுக்காமல் வெளியே சற்று நேரம் வைத்து, பலகையின் மேல் உள்ளங்கையால் உருட்டிவிட்டால் சாறு எளிதாக இறங்கும். குறுக்கே நறுக்கி, விதையை நீக்கி, கையால் பிழிந்து, வரும் சாறு போதும் என்று நிறுத்திவிட வேண்டும். பிழியும்போது தோலிலிருந்து தெறிக்கும் துளி எண்ணெய் நல்லதே; எலுமிச்சையின் மணம் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. புட்டியில் விற்கும் சாறோ எலுமிச்சை உப்போ அந்த மணத்தைத் தராமல் புளிப்பை மட்டுமே தரும். அதே காரணத்துக்காக, எலுமிச்சைச் சாறு முழுவதையும் பாகிலேயே கலந்து மாதக்கணக்கில் வைப்பதும் தவறு. அந்த மணத்தில் முக்கியப் பங்குடைய சிட்ரால், அமிலத்தில் நாள்பட இருந்தால் சிதைந்து வேண்டாத வாடையாகிவிடும். உறையாமல் இருக்கச் சேர்க்கும் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதைக் குவளையில் அவ்வப்போது பிழிய வேண்டும்.

செம்புக் குடத்திலும் பித்தளைச் செம்பிலும் தண்ணீர் குடிக்கும் வழக்கம் இப்போது மீண்டும் பரவியிருக்கிறது. அந்தப் பாத்திரங்களில் எலுமிச்சை கலந்த எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. அமிலம் செம்பைக் கரைத்துப் பானத்தில் சேர்க்கும். அது குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கக்கூடும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான் ஆகிய மூன்றும் நல்லவை.

கலக்கும் அளவைச் சொல்லிவிடுகிறேன்: 200 மில்லிலிட்டர் குவளைக்குப் பாகு 30 மில்லிலிட்டர், எலுமிச்சை அரைப் பழம், உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், அது கசப்பை அடக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். பனிக்கட்டியைப் போடுவதற்கு முன்பே பாகைத் தண்ணீரில் முழுதும் கலந்துவிட வேண்டும், இல்லையென்றால் குளிரில் இறுகி அடியிலேயே தங்கும். பனிக்கட்டியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே உறையவிடுங்கள். உறைவதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. சோடா சேர்ப்பதென்றால் அது நன்கு குளிர்ந்ததாக இருக்கட்டும். கடைசியாக ஊற்றி ஒரே ஒரு முறை கிளறினால் போதும். சப்ஜா விதையை உலர்ந்தபடியே குவளையில் தூவுவது பெரிய பிழை. கால் மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறி, ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வெண்ணிறக் கூழ் உருண்டு நின்ற பிறகே அதைச் சேர்க்க வேண்டும். உலர்ந்த விதை தொண்டையில் ஒட்டி அடைக்கக்கூடும். புதினா பிடிக்கும் என்பவர்கள் இரண்டு இலையை உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் போடலாம். அதற்கு மேல் போனால் நன்னாரி காணாமல் போகும். அரைத்துச் சேர்த்தாலோ, எலுமிச்சையின் அமிலம் பச்சையத்தைச் சிதைத்துப் பானத்தை மங்கிய பாசி நிறத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, சர்பத்தை மருந்தாகக் கருதும் தவறு. மேலே சொன்ன அளவில் ஒரு குவளையில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாள் முழுதும் சேர்த்துக் கூடுதல் சர்க்கரை 25 கிராம் அளவில் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு, “நன்னாரிதானே, உடம்புக்குக் குளிர்ச்சி” என்று சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைக்கு இதைக் கொடுப்பது அதைவிட ஆபத்தானது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. சர்பத்தில் லிட்டருக்கு 130 கிராம் சர்க்கரை. இவ்வளவு செறிந்த இனிப்பு குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகப்படுத்தும். அத்தகைய வேளையில் கரைசல் பொட்டலத்தை வாங்கி, அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.